கருந்துளை டிராகனுக்கு ஒரு வடமாலை

டிராகன் வரைவது சுலபம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சுவரில் ஓடும் பல்லியை உற்றுப் பார்த்திருந்தால் போதும். அதற்கு வௌவாலின் இறக்கையை மாட்டி, ஆட்டுக் கொம்பு வைத்து, வாயில் கொஞ்சம் நெருப்பை ஊற்றினால் டிராகன் வந்துவிடும். ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்கும்போதுதான் நமக்கு வேர்க்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். நாசரேத் பக்கம் வாத்தியார் குடும்பம். எங்கள் சபையில் டிராகனுக்கு வலுசர்ப்பம் என்று பெயர், அதாவது சாட்சாத் சாத்தான். நான் வலுசர்ப்பம் வரைந்து சம்பளம் வாங்குகிறேன் என்று தெரிந்ததும் என் பெரியம்மா மகள் ஜெபக்கூட்டத்தில் எனக்காகத் தனியாக ஜெபிக்கச் சொல்லிவிட்டாள். “ஏளா, நீ வேற ஒண்ணும் வரையக் கூடாதா? ஒரு ஆட்டுக்குட்டிய வரைஞ்சா கை தேஞ்சா போயிரும்?” என்று கேட்பாள். ஆட்டுக்குட்டிக்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஜெபம் நிற்கவில்லை.

சென்னையில் நான் வேலை பழகிய இடத்தில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. பேசுவதில் படு கஞ்சர். ஒருநாள் நான் மாங்கு மாங்கென்று ஒரு சிங்கத்தை வரைந்துகொண்டிருந்தேன். பல்லையும் நகத்தையும் கூட்டிக்கொண்டே போனேன், சிங்கம் மட்டும் பயமாக இல்லை. பின்னால் வந்து பார்த்தவர், “சிங்கத்த விடும்மா. சிங்கத்தப் பாத்த ஆட்ட வரை” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஒரு வரி வருடக்கணக்கில் என் தலைக்குள் சும்மா கிடந்து, தூத்துக்குடியில்தான் வேலைக்கு வந்தது.

நம் அனிமேஷன் கம்பெனி, நீங்கள் இருக்கும் இந்தக் கிளையைத் திறந்த புதிதில் நடந்த கதை இது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும் மேசை ஒருமுறை குலுங்கும். அது இன்னும் மாறவில்லை என்று கேள்விப்பட்டேன். வெளிநாட்டு கேம் கம்பெனி ஒன்று நம்மிடம் வானத்து டிராகன்களைக் கேட்டிருந்தது. வானத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு டிராகனாக வரவேண்டும். அந்தக் கம்பெனியின் சார்பில் திரையில் வந்து உட்கார்ந்து பார்க்கும் அம்மாள் லேசில் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவர் முதலில் மயங்கியது வால்நட்சத்திர டிராகனைப் பார்த்துத்தான். வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீளும். அது சூரியனை விட்டு விலகிப் போகும்போது வால் முன்னாலும் தலை பின்னாலும் போகும். நம் டிராகனும் அப்படியே போகட்டும் என்று நான் சொன்னேன். அதற்கு அசைவு கொடுத்தவன் காயல்பட்டினத்துப் பையன் பீர். “யக்கா, வால் முன்னால போற டிராகனா? ரிவர்ஸ் எடுக்குற லாரின்னு சிரிப்பாங்கக்கா” என்று கெஞ்சினான். நான் விடவில்லை. சூரியன் எங்கே இருந்தாலும் வால் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும் அந்த முரட்டுக் குணம்தான் அதற்கு உயிர் கொடுத்தது. வானத்தின் சட்டம் ஒன்று விசித்திரமாகப் பட்டால் அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மிருகத்தின் குணம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து கருந்துளை டிராகன். அதை ஜெனிட்டாவிடம் கொடுத்தேன்.

இன்றைக்கு உங்கள் தலைவியாக இருக்கும் அதே ஜெனிட்டாதான். அப்போது சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஊர் பெரியதாழை. ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டில் எல்லோரும் திட்டத் திட்ட அதை விட்டுவிட்டு வந்திருந்தாள். நல்ல கை, ஆனால் யார் என்ன சொன்னாலும் அழித்துவிட்டுத் திரும்ப வரைவாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கருந்துளையின் முதல் படம் உலகம் முழுக்கச் சுற்றியிருந்த சமயம் அது. கறுப்பு நடுவும் சுற்றிலும் ஆரஞ்சு வளையமுமாக இருந்த அந்தப் படத்தைப் பார்த்து உளுந்தவடை என்று சொல்லாதவர்கள் நம் ஊரில் கிடையாது. ஜெனிட்டாவின் முதல் டிராகன் கழுத்தில் அந்த வளையத்தைப் போட்டுக்கொண்டு வந்தது. ஒன்று போதாது என்று அடுக்கடுக்காகப் போட்டிருந்தாள். கிளையை நடத்திய ராஜவேல் அதைப் பார்த்துவிட்டு, “என்ன ஜெனிட்டா, ஆஞ்சநேயருக்கு வடமாலை சாத்தியிருக்க?” என்றார். ஆபீசே சிரித்தது, அவளும் சிரித்தாள். திரையில் வந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், “இது வேறு ஏதோ டிராகன், நகை போட்டிருக்கிறது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாம் முறை விழுந்த குழி நம் தொழில்காரர்கள் மட்டுமே விழக்கூடிய குழி. நம் சுவர்ப் பரீட்சை உங்களுக்குத் தெரியும். மிருகத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, வெள்ளைத் தாளில் எடுத்து, சுவரில் ஒட்டுவோம். டீ கொண்டுவரும் அண்ணாச்சி வெறும் உருவத்தைப் பார்த்தே அது என்னவென்று சொல்லவேண்டும். கோழி என்றால் கோழிதான், திரும்ப வரைய வேண்டும். ஜெனிட்டாவின் இரண்டாவது டிராகனைப் பார்த்து அண்ணாச்சி ஒரு அடி பின்னால் போனார். “எம்மா, என்ன பாம்பும்மா இது, றெக்கையெல்லாம் இருக்கு!” எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதைக் கொண்டுபோய் கேமில் இருக்கும் வானத்தில் விட்டோம். வானமும் கறுப்பு, டிராகனும் கறுப்பு. வெள்ளைத் தாளில் அத்தனை கம்பீரமாக நின்றது இருந்த இடம் தெரியவில்லை.

பதறிப்போய் அதற்குச் சிவப்புக் கண் வைத்தோம். மற்ற டிராகன் நெருப்பைக் கக்கும், இது உள்ளே இழுக்க வேண்டும் என்பதால் பீர் நெருப்பைப் பின்னோக்கி ஓட்டினான். திரையில் ஒரு பெரிய பாம்பு சிவந்த கண்ணோடு நூடுல்ஸ் உறிஞ்சியது. அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நமக்கு வேலை கொடுக்கிறவர் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம், சிரித்தால் அடுத்த வேலை வராது.

அன்று சாயங்காலம் ராஜவேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மொத்த வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, சுற்றி வளைக்க மாட்டார். “அக்கா, அடுத்த தடவையும் அந்தம்மா வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா இந்த டிராகன் மெட்ராஸ் ஆபீசுக்குப் போயிரும். அதுக்கு மேல ஜெனிட்டாவ நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்க? நீங்களே சொல்லுங்க.”

ஜெனிட்டாவிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “பழைய ஆபீசுல இன்னும் ஆள் போடலையாம்க்கா. வந்துரு, வந்துருன்னு போன் போடுதாவ” என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பாரமாக இருந்திருக்காது.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். எனக்கு ஒரு மத்தியானம் போதும். பெரிய அதிசயமாக இருக்காது, ஆனால் அந்த அம்மாள் ஏற்றுக்கொள்ளும்படி ஒன்றை நானே வரைந்து ஜெனிட்டாவின் பெயரில் அனுப்பியிருக்கலாம். அவள் வேலையும் தப்பியிருக்கும். கை அரித்தது. ஆனால் அடுத்த டிராகனுக்கு அவள் என்ன செய்வாள்? ஏற்கெனவே தன் கோட்டை நம்பாதவள், என் கோட்டில் பிழைத்தால் பிறகு எப்போதுதான் நம்புவாள்? அந்த வாரம் முழுக்க அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். விட்டால் பேனாவைப் பிடுங்கிவிடுவேன், அதனால்தான். ராஜவேல் அதைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குத மாதிரி நிக்குதிய?” என்று கிண்டல் செய்தார். அடிபட்டாலும் பரவாயில்லை, அவள் வரையட்டும் என்று நிற்பது சுலபமில்லை தம்பிகளா. அடிபடப் போவது நான் இல்லை, அவள். அந்த நினைப்பு என்னை நன்றாகவே அரித்தது.

நடுவில் ஒருநாள் வேலை முடிந்ததும் பீரும் ஜெனிட்டாவும் நானும் கடற்கரைக்கு டீ குடிக்கப் போனோம். பொழுது சாய்ந்து, துறைமுகத்துக்குள் வர இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு விளக்கேற்ற ஆரம்பித்திருந்த நேரம். ஜெனிட்டா பேச்சை நிறுத்திவிட்டுக் கடலையே பார்த்தாள்.

“அக்கா, அங்கன பாருங்க. தோணி ஒண்ணு போகுது.”

“எங்கே? ஒண்ணும் தெரியலையே.”

“தோணி தெரியாது. இன்னும் வெளக்குப் போடல. ஆனா கப்பல் வெளக்கு ஒண்ணொண்ணா அமந்து அமந்து எரியுதுல்லா? அந்த எடத்துலதான் போகுது.”

நான் பார்த்தேன். உண்மைதான், கண்ணுக்குத் தெரியாத ஒன்று விளக்குகளை வரிசையாக மறைத்துக்கொண்டு நகர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பீர்தான் குறுக்கே விழுந்தான். “மறைக்கிறதுக்கு ஒரு போர்வை போதுமே ஜெனிட்டா. கருந்துளை மறைக்க மட்டுமா செய்யுது? பின்னால இருந்து வர்ற வெளிச்சத்தையே வளைக்கும்லா.”

பீர் சொன்னது சரி. அவள் முகம் விழுந்துவிட்டது. அவள் கையிலிருந்த டீயைக் கடைசி மடக்கு குடித்தாள். டம்ளர் இன்னும் வாயில் இருக்க, அதன் தடித்த அடிப்பக்கம் வழியாக அவள் பார்வை கடல்மீது விழுந்தது. அப்படியே அசையாமல் நின்றாள். பிறகு டம்ளரை எடுத்து, மிச்ச டீயை மணலில் உதறிவிட்டு, திரும்பவும் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“ஓடுதுக்கா! வெளக்கெல்லாம் வெலகி ஓரத்துக்கு ஓடுது! வட்டமா வளையுது!”

நானும் வாங்கிப் பார்த்தேன். டம்ளரின் அடிக்கண்ணாடியில் ஒவ்வொரு விளக்கும் நீண்டு, இரண்டாகப் பிரிந்து, விளிம்பைச் சுற்றி வளைந்தது. டம்ளரை நகர்த்த நகர்த்த விளக்குகள் வழிவிட்டு விலகின. பீர் தன் போனை டம்ளரோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். “தாயி, கிளாசக் குடுத்துட்டு வேடிக்கை பாரேன், ஆள் நிக்காவ” என்று டீக்கடைக்காரர் சத்தம் போட்டார். அந்த டம்ளரை அவரிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டுதான் வந்தோம். ஜெனிட்டாவின் மேசையில் பேனாக்கள் போட்டு வைத்திருக்கும் கண்ணாடி டம்ளர் அதுதான். தயவுசெய்து யாரும் கழுவப் போகிறேன் என்று எடுத்து உடைத்துவிடாதீர்கள்.

மறுநாளிலிருந்து அவள் கை வேறு கையாகிவிட்டது. டிராகனை எலும்பு முதல் இறக்கை நுனி வரை ஒழுங்காக வரைந்தாள். பிறகு அதை எடுத்துவிட்டாள். அது இருக்கும் இடத்தில் நட்சத்திரங்கள் விலகி, கழுத்தோரமும் இறக்கையோரமும் வளைந்து நின்றன. பார்க்கப் பார்க்கத்தான் உருவம் பிடிபடும். ஆனாலும் ஏதோ குறைந்தது. அழகாக இருந்தது, பயம் இல்லை. அப்போது நான் சென்னைக்காரர் சொன்ன சிங்கம், ஆடு கதையைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையும் பின்னால்தான் இருந்தது.

அவள் யோசித்துவிட்டு, “அப்ப இதுக்கு ஆடு எதுக்கா?” என்று கேட்டாள். அவளே பீரின் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வால்நட்சத்திர டிராகன் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சுவர்ப் பரீட்சையில் இந்த டிராகன் தோற்றது. தோற்காமல் என்ன செய்யும்? நிரப்புவதற்கு உருவமே இல்லை. “என்னம்மா, வெறும் வெள்ளைத் தாள ஒட்டி வச்சிருக்கிய?” என்று டீ அண்ணாச்சி கேட்டுவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் ராஜவேல் எழுந்து வந்து தாளைத் தடவிப் பார்த்தார். “ஏளா ஜெனிட்டா, தாள்ல ஒண்ணுமே இல்லையே! இத எப்படி டிராகன்னு அனுப்ப?” என்றார். யாரிடமும் கேட்காமல் மெட்ராஸ் ஆபீசில் ஒரு மாற்று டிராகன் செய்யச் சொல்லிவிட்டார். அதுவும் வந்து சேர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, அது நன்றாகவே இருந்தது. சிவப்புக் கண், ஊதா நெருப்பு, யாரும் குறை சொல்ல முடியாத டிராகன்.

பார்வைக்கு வைக்கும் நாள் காலையில் ராஜவேல் இரண்டையும் காட்டலாம் என்றார். “அக்கா, இது பிடிக்கலன்னா அது. பிள்ளைக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.”

அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் பாதுகாப்புக்கென்று இரண்டாவதை வைத்தால் பார்க்கிறவர் நம் பயத்தைத்தான் முதலில் பார்ப்பார். நான் சொன்னேன்: “ராஜவேல், ஒண்ணுதான் காட்டணும். வேண்டாம்னு சொன்னா அது என் தீர்ப்புன்னு எழுதிக்கிடுங்க. ஜெனிட்டா மேல வைக்காதீங்க.” ஜெனிட்டாவிடமும் கேட்டேன், முடிவு அவளுடையதாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக. அவள் பேனாவை டம்ளரில் போட்டுவிட்டு, “ஒண்ணே போதும்க்கா” என்றாள்.

ராஜவேல் மேசையை விரலால் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவரே சிரித்தார். “எங்கப்பா கடையில ஒரு வழக்கம் உண்டு. நல்ல அரிசியக் காட்டும்போது சுமார் அரிசி மூட்டையத் தொறந்து வைக்க மாட்டாவ. தொறந்தா ஆளு கண்ணு அங்கனதான் போவும்.” சொல்லிவிட்டு மெட்ராஸ் டிராகனைத் தன் கையாலேயே மூடிவிட்டார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

திரையில் அந்த அம்மாள் வந்தார். வெறும் நட்சத்திர வானம் ஓட ஆரம்பித்தது. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “டிராகன் எங்கே?” என்றார். நட்சத்திரங்கள் மெதுவாக விலகத் தொடங்கின. ஓரத்திலிருந்து வால்நட்சத்திர டிராகன் பறந்து வந்தது. அவருக்குச் செல்லப்பிள்ளை அது. சூரியனைத் தவிர யாருக்கும் வணங்காத அதன் வாலை அவருக்கு நன்றாகத் தெரியும். நடு வானத்துக்கு வந்ததும் அந்த வால் முதல்முறையாகத் தன் சட்டத்தை மறந்து, எதிரே இருந்த இருட்டை நோக்கித் திரும்பியது. டிராகன் அங்கேயே தயங்கி நின்றது. அப்போதுதான் விலகிய நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கழுத்தும் தலையுமாகத் தெரிந்தன.

அந்த அம்மாள் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

பெரியம்மா மகள் கேட்ட ஆட்டுக்குட்டியைக் கடைசியில் வரைந்தே விட்டோம் என்று எனக்குள் சிரிப்பு வந்தது. அதை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“இதை யார் செய்தது?” என்று அவர் கேட்டதும் கேமராவை ஜெனிட்டா பக்கம் திருப்பினேன். “விளையாடுகிறவர்கள் இதோடு எப்படிச் சண்டை போடுவார்கள்?” என்பது அடுத்த கேள்வி. அதற்கு நாங்கள் தயார் செய்யவில்லை. ஜெனிட்டா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரு சொல்லுக்கும் தடுமாறாமல் சொன்னாள்: “சண்டை போட முடியாது. இது யாரையும் தேடி வராது. தூரத்தில் சுற்றிப் போனால் ஒன்றும் செய்யாது. எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று தெரிந்துகொள்வதுதான் விளையாட்டு.” கருந்துளையின் சட்டமும் அதுதான், அது கண்டதையெல்லாம் உறிஞ்சும் பூதம் இல்லை. அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு, “மாற்றாதீர்கள், ஒரு நட்சத்திரத்தைக்கூட மாற்றாதீர்கள்” என்றார்.

திரை அணைந்ததும் பீர் குதித்தான். ராஜவேல் ஓடிப்போய் எல்லோருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கி வந்தார். ஜெனிட்டா குதிக்கவும் இல்லை, அழவும் இல்லை. போனை எடுத்துப் பழைய ஆபீசைக் கூப்பிட்டாள். “சார், வேற ஆள் போட்டுக்கிடுங்க. நான் வரல” என்றாள். எனக்குத்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று ஜெனிட்டாவும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு படம் வரைந்து கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். நம் ஆபீஸ்தான், எல்லோரும் இருக்கிறார்கள். வரைகிற புதுப் பிள்ளைகள் மேசைமேல் குனிந்திருக்கிறார்கள். நான் எங்கே என்று தேடினேன். மூலையில் பார்த்தேன், கதவோரம் பார்த்தேன், எங்கேயும் இல்லை. “என்னளா ஜெனிட்டா, என்னைய விட்டுட்டிய?” என்று கேட்டேன். வருத்தமாகத்தான் கேட்டேன்.

“நல்லாப் பாருங்கக்கா” என்றாள்.

பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு பெரியவர் நிற்கிறார். ஒன்றின் பின்னால் ஜெனிட்டா, ஒன்றின் பின்னால் பீர். வாழ்நாளில் பேனாவே பிடித்திராத ராஜவேல்கூட ஒரு நாற்காலிக்குப் பின்னால். எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.